கடைசித் தேதி எங்கே இருக்கிறது?



சென்ற ஆண்டு கல்லூரி சேர்க்கை நேரத்தில் நம் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகைக்கு நோட்டீஸ் அடித்தோம். ஜும்ஆ முடிந்து வெளியே வருகிறவர்கள் கையில் கொடுத்தோம். மதரஸா பிள்ளைகள் மூலம் வீடுகளுக்கும் அனுப்பினோம். விண்ணப்பங்கள் வந்தன, கமிட்டி உட்கார்ந்து பட்டியல் போட்டது, பணமும் ஒதுக்கியாகிவிட்டது. அதற்கு இரண்டு நாள் கழித்து ஒரு தாய் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் இல்லாதவர். மகள் பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்திருந்தாள். கையில் மதிப்பெண் பட்டியல், ரேஷன் கார்டு நகல், அவற்றோடு நாம் அடித்த அதே நோட்டீஸ், நான்காக மடித்தபடி.

"தேதி முடிஞ்சு போச்சேம்மா" என்றேன்.

அவர் நோட்டீஸைப் பிரித்து மேசை மேல் வைத்தார். "இதுல தேதி எங்கண்ணே போட்டிருக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார். நான் விரல் வைத்துத் தேடினேன். அந்த நோட்டீஸை எழுதியவன் நான். எனக்கே உடனே அகப்படவில்லை. தாளின் மேல் கால்பகுதி முழுக்க அறக்கட்டளையின் பெயர், பதிவு எண். அதன் கீழ் நிர்வாகிகளின் படங்கள். அதில் என் படமும் உண்டு. பிறகு ஒரு மினாரா, ஒரு பிறை, மூலைக்கு ஒரு ரோஜாப்பூ. பிறகு மூச்சு விடாமல் ஒரே பத்தியில் கல்வியின் அவசியம். அந்தப் பத்தி முடிகிற இடத்தில், கீழ்க்கோட்டை ஒட்டி, பொடி எழுத்தில் கடைசித் தேதி இருந்தது. அச்சகத்தின் பெயரும் அதே அளவில்தான் இருந்தது.

அந்தத் தாய் காதுத் தோட்டை அடகு வைத்து மகளின் முதல் கட்டணத்தைக் கட்டினார். அடுத்த தவணைக்கு நம்மால் இயன்றதைச் செய்தோம் என்றாலும் அந்தத் தோடு என் மனத்தில் உறுத்திக்கொண்டே இருந்தது. பணம் நம்மிடம் இருந்தது, தேவை அவரிடம் இருந்தது, நடுவில் ஒரு தாள் சரியாக வேலை செய்யவில்லை. ஆகவே கடந்த சில மாதங்களாக டிடிபி செய்யும் தம்பிகளோடும் அச்சகத்துக்காரர்களோடும் உட்கார்ந்து இந்த வேலையைக் கொஞ்சம் கற்றேன். ஜமாஅத் நோட்டீஸ், ரத்ததான முகாம் அறிவிப்பு, மதரஸா ஆண்டுவிழா அழைப்பு, நிகாஹ் பத்திரிகை என்று நம் வீடுகளில் யாராவது ஏதாவது ஒன்றை அச்சுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோம். அவர்களுக்காக இந்தப் பாடம்.

முதலில் கம்ப்யூட்டரைத் திறக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, இதைப் படிப்பவர் யார், படித்த பின் அவர் என்ன செய்ய வேண்டும் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எங்கள் நோட்டீஸுக்கு அந்த வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: "கல்லூரியில் சேரும் பிள்ளையின் பெற்றோர், இன்ன தேதிக்குள், இந்த நான்கு நகல்களோடு, அலுவலகத்துக்கு வர வேண்டும்." நோட்டீஸின் வேலை அவ்வளவுதான். யாருக்கு என்பது தாளிலேயே பெரிய எழுத்து. எப்போது, எங்கே என்பது அதற்கு அடுத்த அளவு. என்னென்ன கொண்டுவர வேண்டும் என்பது மூன்றாவது. நாம் யார் என்பது கீழே, அடக்கமாக. வடிவமைப்பு என்று படித்தவர்கள் சொல்லும் கலையில் பாதி, இந்த வரிசையை முடிவு செய்வதுதான். ஒரு தாளில் எல்லாமே பெரிதாக இருந்தால் எதுவுமே பெரிதாக இல்லை. ஒரே மேடையில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் மைக் பிடித்துப் பேசினால் எப்படி இருக்கும்?

வரிசை சரியாக அமைந்ததா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மாதிரித் தாளைச் சுவரில் ஒட்டி, ஆறேழு அடி தள்ளி நின்று, கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். எழுத்து தெரியாது, கருப்புத் திட்டுகள் மட்டும் தெரியும். எந்தத் திட்டு முதலில் கண்ணில் படுகிறதோ அதைத்தான் வாசகர் முதலில் படிப்பார். எங்கள் பழைய நோட்டீஸை இப்படிப் பார்த்தபோது எனக்குத் தெரிந்தது நிர்வாகிகளின் முகங்கள்தான். அவை வேண்டாம் என்று கமிட்டியில் சொல்ல எனக்கு மூன்று கூட்டம் தேவைப்பட்டது. கொடையாளிகளுக்கு மரியாதை செய்ய வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்கு ஆண்டறிக்கை இருக்கிறது, இந்த மடல் இருக்கிறது. உதவி கேட்டு வருபவர் கையில் இருக்கும் தாளில் அவருக்குத் தேவையானது இருக்கட்டும் என்று முடிவானது.

அடுத்தது எழுத்தின் அளவு. இந்தக் கேள்வி நம் டெல்டாவுக்குப் புதிதல்ல. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் கடற்கரையில் எழுந்த கேள்வி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களுக்கு இடம்கொடுத்த தரங்கம்பாடிக்கு, 1706-இல் சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியார் வந்து இறங்கினார். தமிழ் படித்தார், பிறகு அச்சுக்கூடம் அமைக்க முனைந்தார். அச்சு இயந்திரம் லண்டனிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்து அனுப்பினார்கள். அவை 1713-இல் வந்து சேர்ந்தன. எடுத்துப் பார்த்தால் எழுத்துகள் மிகப் பெரியவை. ஒரு முழுப் புத்தகத்தை அந்த எழுத்தில் அடித்தால் தாளுக்கு எங்கே போவது? தாளோ கப்பலேறி வர வேண்டிய பொருள். ஆகவே பக்கத்துப் பொறையாறில் சிறிய தமிழ் எழுத்துகளைத் தாங்களே வார்த்தார்கள். தாள் செய்வதற்கும் அங்கேயே ஓர் ஆலை அமைத்தார்கள். 1714, 1715 ஆண்டுகளில் அவர்களுடைய புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வெளிவந்தது அந்தச் சிறிய எழுத்தில்தான்.

எழுத்தின் அளவு என்பது எப்போதும் தாளின் விலைக்கும் வாசகரின் கண்ணுக்கும் நடுவில் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அவர்கள் சிறிதாக்கியது புத்தகத்துக்கு. புத்தகத்தை மடியில் வைத்து, வெளிச்சம் பார்த்து உட்கார்ந்து படிக்கிறோம். நோட்டீஸை அப்படியா படிக்கிறோம்? பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே, பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டே, அடுப்படியில் மாவுக் கையோடு படிக்கிறோம். கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்த பெரியவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர்! புத்தகத்துக்குப் பொருந்தும் சிக்கனம் நோட்டீஸுக்குப் பொருந்தாது.

அச்சில் எழுத்தின் அளவைப் பாயிண்ட் கணக்கில் சொல்வார்கள். ஓர் அங்குலத்துக்கு 72 பாயிண்ட். ஆனால் எண்ணை மட்டும் நம்ப முடியாது. ஒரு எழுத்துருவில் 12 பாயிண்ட் தாராளமாகத் தெரியும். இன்னொன்றில் அதே 12 பாயிண்ட் எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஆகவே நான் ஒரு எளிய அளவுகோல் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் தமிழ் நாளிதழில் செய்தி எழுத்து எவ்வளவோ, அதைவிடச் சிறியதாக நம் நோட்டீஸில் எதுவும் இருக்கக் கூடாது. முதியோருக்கான அறிவிப்பு என்றால் அதைவிட ஒன்றரை மடங்கு. இடம் போதவில்லையா? எழுத்தைக் குறைக்க வேண்டாம், வார்த்தையைக் குறையுங்கள்.

இங்கே தமிழுக்கே உரிய சில விஷயங்கள் உண்டு. மென்பொருளோடு வரும் பாடங்கள் ஆங்கிலத்தை வைத்து எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே எடுத்தால் நமக்குச் சரிவராது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வகை உண்டு. முக்கியமானதைப் பெரிய எழுத்தில் போட்டுவிடலாம். தமிழுக்கு அந்த வசதி கிடையாது. அளவு, தடிமன், சுற்றிலும் விடும் இடம், இவற்றால்தான் ஒன்றை எடுத்துக்காட்ட முடியும். தடித்த எழுத்தையும் அளந்துதான் போட வேண்டும். ண, ஞ, ஐ, ஜ, னை போன்ற எழுத்துகளில் சுழியும் வளைவும் அதிகம். சிறிய அளவில் தடிப்பாக்கினால் உள்ளே இருக்கும் வெள்ளை அடைபட்டு எழுத்து மைப்பொட்டாகிவிடும். ஜெராக்ஸ் எடுத்தால் அதுவும் போயிற்று. தலைப்புக்குத் தடிப்பு, உள்ளே சாதாரணம், தேதிக்கு மட்டும் மறுபடி தடிப்பு என்றால் போதும்.

அடிக்கோடு இடும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். து, கு, மு, ரூ என்று தமிழில் உகர, ஊகார எழுத்துகள் பலவற்றுக்குக் கால் கீழே இறங்கும். அடிக்கோடு அந்தக் காலை வெட்டிக்கொண்டு போகும். சாய்ந்த எழுத்தும் தமிழுக்கு ஒட்டாது. இதே காரணத்தால் வரிக்கும் வரிக்கும் நடுவில் ஆங்கிலத்தைவிட நமக்குக் கூடுதல் இடம் வேண்டும். மேல் வரியின் கூ கீழே இறங்குகிறது, கீழ் வரியின் கீ மேலே வளைகிறது, இரண்டும் மோதிக்கொள்கின்றன. 12 பாயிண்ட் எழுத்துக்கு வரி இடைவெளி 17, 18 என்று வைத்தால் மோதல் நின்றுவிடும். ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் வரிகளுக்கு நடுவே மெல்லிய ஈயத் தகடு செருகுவார்கள். ஆங்கிலத்தில் வரி இடைவெளிக்கு லெடிங் என்று பெயர் வந்தது அந்த ஈயத்தால்தான்.

பத்தியின் இரு ஓரங்களையும் நேராக்குவது டிடிபியில் ஒரு வழக்கமாகிவிட்டது. நம் சொற்கள் நீளமானவை. "விண்ணப்பிக்கவேண்டியவர்கள்" என்று ஒரு சொல் வந்தால் குறுகிய பத்தியில் ஒரு வரியையே பிடித்துக்கொள்ளும். இரு ஓரமும் நேராக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மென்பொருள் சொற்களுக்கு நடுவே குளம் வெட்டிவிடும். இடது ஓரத்தை நேராக்கி, வலது ஓரத்தை அதன் போக்கில் விடுவது நல்லது. நிகாஹ் பத்திரிகையில் எல்லா வரியும் நடுவில் நிற்பது அழகுதான். அங்கே வரிக்கு இரண்டு மூன்று சொல்தான். பத்து வரி விவரத்தை அப்படி நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு வரியும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும், கண் தடுமாறும். தொழுகையில் ஸஃப் கொஞ்சம் கோணினாலும் பின்னால் இருப்பவர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறதல்லவா, அதுபோல் தாளிலும் ஒரு நேர்கோடு இருந்தால்தான் கண் அமைதியாகப் போகும். படம், தலைப்பு, விவரம், தொலைபேசி எண் எல்லாம் ஒரே இடது கோட்டில் தொடங்கட்டும்.

இனி வெற்றிடம். இதில்தான் அதிகம் சண்டை. தாளுக்குக் காசு கொடுத்திருக்கிறோம், ஏன் காலியாக விட வேண்டும் என்பார்கள். காலியான மூலையைப் பார்த்தால் நம் தம்பிகளுக்கும் கை அரிக்கும். உடனே ஒரு பூ. பழைய ஓலைச்சுவடிகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஓலை கிழிந்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியும் வைக்க மாட்டார்கள். படிக்கத் தெரிந்தவர் சிலர்தான், அவர்களும் பாடத்தை ஆசிரியரிடம் வாய்வழியாகக் கேட்டவர்கள் என்பதால் அது நடந்தது. அச்சு வந்து, எல்லோரும் தனியாகப் படிக்க வேண்டும் என்று ஆனபோது சொல் பிரிந்தது, புள்ளி வந்தது, பத்தி பிரிந்தது. தனக்குத் தானே படித்துக்கொள்ள வேண்டியவருக்கு நாம் செய்யும் உதவி அந்த வெள்ளை இடம். சேர்ந்தவை சேர்ந்து நிற்கட்டும்: தேதி, நேரம், இடம் மூன்றும் ஒரு கூட்டம், கொண்டுவர வேண்டிய நகல்கள் ஒரு கூட்டம், தொடர்பு எண்கள் ஒரு கூட்டம். கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே தாராளமாக இடம் விடுங்கள். கோடும் கட்டமும் தேவையே படாது. தாளின் நான்கு ஓரத்திலும் விரல் பிடிக்கும் அளவு இடம் இருக்க வேண்டும். பிடித்திருக்கும் கட்டைவிரல் எழுத்தை மறைக்கக் கூடாது.

அளவும் ஒழுங்கும் நமக்கு அந்நியமான விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பக்தாதில் அமைச்சராக இருந்து, 940-இல் இறந்த இப்னு முக்லா, அரபி எழுத்துக்கே ஓர் அளவுமுறை வகுத்தார். பேனா நுனியை அழுத்தி வைத்தால் விழும் சாய்சதுரப் புள்ளிதான் அளவுகோல். அலிஃப் இத்தனை புள்ளி உயரம், அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்துக்குள் மற்ற எழுத்துகளின் வளைவுகள் அடங்க வேண்டும் என்பது விதி. பேனா பெரிதானால் எழுத்தும் பெரிதாகும், விகிதம் மாறாது. நம் தாளிலும் இதைச் செய்யலாம். உள் எழுத்து ஒரு பங்கு என்றால் துணைத்தலைப்பு ஒன்றரைப் பங்கு, தலைப்பு மூன்று பங்கு என்று முன்பே முடிவு செய்துகொண்டு அந்த மூன்று அளவைத் தாண்டாதீர்கள். எழுத்துருவும் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒரே நோட்டீஸில் ஏழு வகை எழுத்துரு பார்த்திருக்கிறேன். ஏழு சகலைகள் ஒரே வீட்டில் சமையல் செய்த மாதிரி இருந்தது.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இன்னொரு உதாரணம் தெரியும். மதீனாவில் அச்சாகும் குர்ஆன் பிரதியில் பக்கத்துக்கு 15 வரி, மொத்தம் 604 பக்கம். ஒவ்வொரு பக்கமும் ஓர் ஆயத்தின் முடிவில்தான் முடியும். நம் நாட்டில் ஹிஃப்ழுக்குப் பயன்படும் பிரதிகளிலும் வரிக்கணக்கு மாறாது. ஹாஃபிழ் ஒருவரிடம் ஓர் ஆயத்தைக் கேட்டால், "வலது பக்கம், மேலிருந்து மூன்றாவது வரி" என்று கண்ணை மூடியபடி சொல்வார். மனனத்தில் பக்கத்தின் அமைப்பும் சேர்ந்தே பதிகிறது. ஆகவேதான் ஹிஃப்ழ் பிள்ளைகள் நடுவில் பிரதியை மாற்றினால் உஸ்தாத் திட்டுவார். அதே பக்கத்தில் எங்கே நிறுத்த வேண்டும், எங்கே நிறுத்தக் கூடாது என்பதற்குச் சிறு குறிகள் வரிக்கு மேலே இருக்கும். ருகூஉவைக் காட்டும் ஐன் ஓரத்தில் இருக்கும். தேடுபவருக்கு அகப்படும், ஓதுபவருக்கு இடைஞ்சல் செய்யாது. நம் ரசீது, விண்ணப்பப் படிவம், நோட்டீஸ், இந்த மடல் எல்லாவற்றிலும் பெயர் ஓர் இடத்தில், தேதி ஓர் இடத்தில் என்று ஆண்டுக்கணக்காக மாறாமல் இருந்தால், எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் எதை எங்கே பார்ப்பது என்று பழகிவிடும். ஆண்டுதோறும் "புதுசா ஏதாவது பண்ணுங்க தம்பி" என்று சொல்வது நான் செய்து வந்த தவறு.

நிறத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் பச்சையில் அடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. வெள்ளையில் மஞ்சள், பச்சையில் சிவப்பு இரண்டும் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத கண் உள்ளவர்கள், குறிப்பாக ஆண்களில், உண்டு. கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்டால் மை பரவி எழுத்து மெலியும். பெரிய தலைப்புக்கு மட்டும் அது தாங்கும். கம்ப்யூட்டர் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. ஆப்செட்டில் சயான், மஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு மை. திரையில் பளிச்சென்று இருந்த பச்சை தாளில் மங்கி வருவது அச்சகத்தின் ஏமாற்று வேலை அல்ல, இந்த வித்தியாசம்தான். பொடி எழுத்தை நான்கு மையும் கலந்த நிறத்தில் போட்டால், ஒரு மை அரை நூல் விலகினாலும் எழுத்து இரட்டையாகத் தெரியும். விவர எழுத்துக்குத் தனிக் கருப்பே நல்லது. உண்மையைச் சொன்னால் வெள்ளைத் தாளில் கருப்பு மை, ஒரே கலர், நன்றாக அமைத்த நோட்டீஸ், செலவும் குறைவு, படிக்கவும் சுலபம். வளைகுடாவில் இருக்கும் அத்தாவுக்கு வீட்டுப்பிள்ளை போனில் படம் எடுத்து அனுப்பினால்கூட அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

படம் சேர்ப்பவர்களுக்கு: அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், டாகுமெண்டாக அனுப்புங்கள். பின்னணி நிறம் தாளின் விளிம்பு வரை போவதாக இருந்தால் ஒவ்வொரு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக வைக்க வேண்டும். வெட்டும்போது கத்தி கொஞ்சம் நகரும்.

அரபி எழுத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பழைய டிடிபி மென்பொருள்கள் பலவற்றுக்கு வலமிருந்து இடமாக எழுதும் முறை தெரியாது. அரபி வாசகத்தை ஒட்டினால் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் உதிரியாக, சில சமயம் தலைகீழ் வரிசையில் நிற்கும். செய்கிறவருக்கு அரபி தெரியாது. பார்க்க அரபி மாதிரியே இருப்பதால் அச்சாகிவிடும். ஒரு வலிமா பத்திரிகையில் பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகள் இப்படிச் சிதறி வந்ததைப் பார்த்துப் பெண்ணின் நன்னா அழுதேவிட்டார். பத்திரிகை எல்லாம் அப்படியே நின்றுபோனது. அரபி வாசகம் வேண்டுமென்றால் சரியாக எழுதிய ஒன்றைப் படமாகவே வைத்து, ஓர் ஆலிமிடம் ஒரு முறை காட்டிவிடுங்கள். தெருவில் விழக்கூடிய பிட் நோட்டீஸில் அரபியே வேண்டாம் என்பது என் கருத்து. மழைக்காலத்தில் நம் ஊர்ச் சாலைகளில் அந்தத் தாள்கள் எங்கே கிடக்கும் என்று நமக்குத் தெரியும். தமிழில் "இறைவனின் திருப்பெயரால்" என்று போட்டால் போதும்.

தமிழ் எழுத்துருவிலும் ஒரு சிக்கல் உண்டு. நாம் போனில் தட்டுவது யூனிகோட். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும். ஸ, ஷ, ஹ, ஃப வரும் இடங்கள்தான் முதலில் கெடும். நம் பெயர்களில் அந்த எழுத்துகள் இல்லாத பெயர் எது? ஆகவே மாற்றிய பின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நாச்சியார்கோவிலைச் சேர்ந்த பா. தாவூத்ஷா "தாருல் இஸ்லாம்" பத்திரிகையை நடத்தியபோது பிழையற்ற நல்ல தமிழை அவ்வளவு வற்புறுத்தியவர். அவர் பிறந்த மண்ணிலிருந்து வரும் நோட்டீஸில் "ஹாஜி" என்பது வேறு ஏதோவாக வரலாமா?

ப்ரூஃப் பார்ப்பதை எழுதியவர் மட்டும் செய்யக் கூடாது. தான் எழுத நினைத்ததைத்தான் அவர் கண் படிக்கும். சம்பந்தமே இல்லாத ஒருவரிடம், முடிந்தால் நோட்டீஸ் யாருக்காகவோ அப்படிப்பட்ட ஒருவரிடம் கொடுத்து, "இதில் உங்களுக்கு என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்று காலண்டரை வைத்துப் பாருங்கள். ஹிஜ்ரி தேதி பிறையைப் பொறுத்து ஒரு நாள் மாறலாம். ஆங்கிலத் தேதியும் கிழமையும் பெரிதாகவும் ஹிஜ்ரி தேதி பக்கத்தில் சிறிதாகவும் இருக்கட்டும். தொலைபேசி எண்ணைப் படித்துப் பார்த்தால் போதாது, ப்ரூஃபைப் பார்த்தே அந்த எண்ணுக்கு ஒரு முறை அழைத்துப் பாருங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை நான் இந்த ஆண்டுதான் கற்றேன். இந்த ஆண்டு நோட்டீஸில் மேலே பெரிதாக "கல்லூரியில் சேரும் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டண உதவி", அடுத்து ஒரு தனிவரியில் கடைசித் தேதி கிழமையோடு, பிறகு கொண்டுவர வேண்டிய நான்கு நகல்கள், அலுவலக நேரம், முகவரி. கீழே சிறிதாக அறக்கட்டளையின் பெயர். படம் எதுவும் இல்லை. சென்ற ஆண்டு வந்த அந்தத் தாயிடமே மாதிரியைக் காட்டினோம். வாங்கியதும் தேதியைப் படித்தார். பிறகு, "ஜாதிச் சான்றிதழ் வேணுமா வேணாமான்னு போடலியேண்ணே, அதுக்குத்தான் எல்லாரும் தாலுகா ஆபீஸுக்கு அலையுறாங்க" என்றார். "ஜாதிச் சான்றிதழ் தேவையில்லை" என்று ஒரு வரி சேர்த்தோம். எல்லாம் அச்சாகி வந்த பிறகு பார்த்தால் தொலைபேசி எண்ணில் ஓர் இலக்கம் தவறு. இஷாவுக்குப் பின் அலுவலகத்தில் உட்கார்ந்து, நானும் மூன்று தம்பிகளும் ஒவ்வொரு தாளிலும் பேனாவால் திருத்தினோம். உங்கள் கையில் கிடைத்ததில் 3 என்பது 8 ஆகத் திருத்தப்பட்டிருந்தால் அது அன்றிரவு செய்த வேலை.

நோட்டீஸோ பத்திரிகையோ அச்சுக்குக் கொடுக்க இருப்பவர்கள், கொடுப்பதற்கு முன் மாதிரியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமைகளில் அஸருக்கும் மஃரிபுக்கும் நடுவில் அலுவலகத்துக்கு வாருங்கள். சுவரில் ஒட்டி, தள்ளி நின்று, சேர்ந்தே பார்ப்போம்.